காத்திருக்கும் கணிப்பொறியும் கடிகார மாற்றமும்

கணிப்பொறியின் கடிகாரத்தை நாம் திருத்தி வைக்குங்கால், அதனுள் முன்னரே காத்துக்கொண்டிருக்கும் பணிகள் என்னவாகும்? வினா எளியது, விடை அத்துணை எளியதன்று.

மென்பொருள் காத்திருப்பது இருவகைப்படும். 'இன்னும் பத்து நிமிடம் கழித்து எழுப்புக' என்பது ஒன்று. 'காலை ஆறு மணிக்கு எழுப்புக' என்பது மற்றொன்று. முன்னது கால அளவு. பின்னது கடிகார நேரம். முல்லைப்பாட்டில் வரும் நாழிகைக் கணக்கரைத் தமிழ் மாணவர் நன்கறிவர். நீர் வட்டிலில் அவர்கள் அளந்தது கால அளவு. அரசனுக்கு அறிவித்ததோ பொழுது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதே ஈண்டு கருதத்தக்கது.

கணிப்பொறியும் இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணுகிறது. பொறி இயங்கத் தொடங்கியது முதல் முன்னோக்கி மட்டுமே செல்லும் எண்ணிக்கை ஒன்று. அதனை எவரும் மாற்றவியலாது. தேதியும் மணியும் காட்டும் கடிகாரம் மற்றொன்று. யுனிக்ஸ் மரபில் இது 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளின் கணக்கு. மாற்றத்திற்கு உட்படுவது இதுவே. ஐந்து மணி காட்டும் கடிகாரத்தை ஏழுக்குத் தள்ளினால், ஆறு மணிக்குரிய பணி உடனே எழும். பின்னோக்கி நகர்த்தினால் அப்பணி அவ்வளவு நேரம் கூடுதலாகக் காத்திருக்கும். இவை பிழையல்ல, முறையே. பத்து நிமிடம் காக்க வேண்டிய நிரல், கடிகார நேரத்தோடு பத்தைக் கூட்டிக் குறித்துக்கொள்ளும்போதுதான் பிழை பிறக்கிறது. இடையில் கடிகாரம் ஒரு மணி பின்சென்றால் பத்து நிமிடம் எழுபது நிமிடமாகும்!

ஒரு நொடி மாற்றமே பெருந்தொல்லை விளைவித்ததும் உண்டு. புவியின் சுழற்சி சீரானதன்று. ஆதலின் உலக நேரத்தில் அவ்வப்போது ஒரு நொடி சேர்ப்பர். 2012 ஜூன் 30 நள்ளிரவில் (நமக்கு ஜூலை 1 காலை 5.30) அவ்வாறு சேர்த்தபோது, லினக்ஸ் தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்னோக்கி வைத்தது. ஆனால், காத்திருக்கும் பணிகளைக் கவனிக்கும் பகுதிக்கு அச்செய்தியைத் தெரிவிக்கத் தவறியது. அப்பகுதி ஒரு நொடி முந்தியே எண்ணிக்கொண்டிருந்தது. விளைவு? அரை நொடி உறங்க விரும்பிய நிரல் உடனே எழுப்பப்பட்டது, நேரம் ஆகவில்லையென்று மீண்டும் படுத்தது, மீண்டும் எழுப்பப்பட்டது. உறங்காமலும் உழைக்காமலும் பொறிகள் திணறின. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானப் பயணியர் பதிவு தடைப்பட்டு, விமானங்கள் தாமதமாயின.

தீர்வு நகைப்பிற்கிடமானது. கடிகாரம் அப்போது காட்டிய அதே நேரத்தை, அதற்கே மீண்டும் ஒருமுறை கட்டளையாக இட்டனர். அங்ஙனம் இடும்போது, கடிகாரம் மாற்றப்பட்டது என்னும் செய்தி காத்திருப்போர் கணக்கிற்கும் போய்ச் சேர்ந்தது, பொறிகள் அமைதியுற்றன. லினக்ஸின் பிழையும் அத்திங்களிலேயே களையப்பெற்றது.