கால் சொல்லும் மார்பின் ரகசியம்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், கணுக்காலும் முழங்காலும் வீங்கி வலிக்கின்றன என்றால் வீட்டிலுள்ளோர் என்ன சொல்லுவார்கள்? "வாதந்தான், தைலம் தேய்த்தால் போய்விடும்" என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அபூர்வமாகச் சிலரிடத்தில் கால் வெறும் தூதன்தான்; வியாதி குடியிருப்பது மார்புக்குள்ளே!

நுரையீரலில் கட்டி உண்டானவர்களில் சிலருக்கு விரல் நுனிகள் பருத்து, நகங்கள் கிளிமூக்கைப் போல் வளைகின்றன. கூடவே எலும்பும் மூட்டும் மாறுவதை 1889-இல் பாம்பர்கரும், 1890-இல் பிரெஞ்சு வைத்தியர் பியேர் மாரியும் விவரித்தார்கள். ராண்ட்ஜன் தமது கிரணங்களைக் கண்டது 1895-இல். ஆகவே அவ்விருவருக்கும் துணை நின்றவை கண்ணும் கையுமே.

எக்ஸ்ரே படத்தில் தெரிவது விசித்திரமானது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புத் தண்டை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும்; முன்கையிலும் காணலாம். எலும்பைப் போர்த்திய சவ்வு புதிய எலும்பை உண்டாக்குகிறது. மரத்துக்கு இரண்டாவது பட்டை முளைத்தாற்போல! மூட்டின் எலும்போ அரிக்கப்படுவதில்லை. வாதமூட்டு நோயிலிருந்து இதைப் பிரித்தறிய அது பெரிதும் உதவும். கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் படத்தில் எலும்பின் இரு ஓரங்களும் டிராம் தண்டவாளம் போல் ஒளிரும்.

காலைப் படமெடுத்த வைத்தியர் மார்பையும் படமெடுக்கச் சொன்னால், வீண் செலவென்று நேயர்கள் முணுமுணுக்க வேண்டாம். கட்டி சிறிதாயிருக்கையில், இருமல் தோன்றுமுன்பே, கால் வலிப்பதுண்டு. அதை அறுத்தெடுத்த பின் பலருக்குக் கால்வலி சில நாட்களிலேயே நீங்கிவிடுகிறது. அந்த வெள்ளைக் கோடு மறையத்தான் மாதங்கள் பிடிக்கின்றன.