எரிவாயுக் கிணறும் காத்திருப்பின் விலையும்

கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி-6 எரிவாயு வயலைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அரசு சொல்வது சரியா, ரிலையன்ஸ் நிறுவனம் சொல்வது சரியா என்பதோடு நின்றுவிடுகின்றன. இருப்பு எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாத நிலையில், உற்பத்திக் கட்டமைப்பை எந்த அளவுக்குப் பெரிதாக அமைப்பது என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை.

நிலத்தடி எரிவாயு தன் அழுத்தத்தாலேயே மேலே வருகிறது. பாறைத் துளைகள், கிணற்றுக் குழாய், கடலடி வால்வு, கரைக்கு வரும் குழாய் ஒவ்வொன்றும் அந்த அழுத்தத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. பொறியாளர்கள் இரண்டு வளைகோடுகளை வரைகிறார்கள். கிணற்றின் அடியில் அழுத்தம் குறையக் குறையப் பாறை எவ்வளவு வாயு தரும் என்பது ஒன்று. அவ்வளவு வாயுவை மேலே கொண்டுவர எவ்வளவு அழுத்தம் தேவை என்பது மற்றொன்று. அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே அன்றைய உற்பத்தி. வகுப்பில் மார்ஷலின் தேவை, அளிப்பு வளைகோடுகளைப் பலமுறை வரைந்த எனக்கு அந்தப் படம் அந்நியமாகத் தெரியவில்லை.

ஆனால் இங்கே இன்றைய உற்பத்தி நாளைய வளைகோட்டையே இறக்கிவிடுகிறது. எடுக்க எடுக்கப் பாறையின் அழுத்தம் குறையும். விரைந்து இழுத்தால் சில வயல்களில் அடியிலுள்ள நீர் கிணற்றை நோக்கி ஏறும். குழாய் அகலமாக இருந்தால் தொடக்கத்தில் வாயு தாராளமாக வரும். பின்னாளில் வேகம் குறைந்து, நீரைத் தூக்க வலுவின்றிக் கிணறு அடைபடும். முதல் ஆண்டுக்குப் பொருத்தமான குழாய் பத்தாம் ஆண்டுக்குப் பொருந்தாது.

டி-6இல் 2002இல் எரிவாயு கண்டறியப்பட்டது. 2004ஆம் ஆண்டுத் திட்டம் நாளொன்றுக்கு 4 கோடி கன மீட்டர், 240 கோடி டாலர் என்றது. 2006இல் அது 8 கோடி கன மீட்டர், 880 கோடி டாலர் என உயர்ந்தது. 2009 ஏப்ரலில் தொடங்கிய உற்பத்தி, 2010இல் 6 கோடியைக் கடந்து, பின்னர் சரிந்தது. கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தன. சுமார் 10 லட்சம் கோடி கன அடி என்று கணிக்கப்பட்ட இருப்பு சுமார் 3 லட்சம் கோடியாகச் சுருங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி கன அடி. அதாவது, பத்தாண்டுக்கென்று கட்டியதற்கு மூன்றாண்டுச் சரக்குதான் இருந்தது. இந்த எரிவாயுவை நம்பி ஆந்திரத்தில் எழுந்த மின்நிலையங்கள் முடங்கின. முதன்மையான இரு வயல்களும் 2020 பிப்ரவரியில் ஓய்ந்தன.

பாறையமைப்பே காரணம் என்றது நிறுவனம். ஒப்புக்கொண்ட கிணறுகளைத் தோண்டாததே காரணம் என்றது அரசு. ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். செலவை முதலில் மீட்டுக்கொண்டு மீதி இலாபத்தைப் பகிரும் அந்த முறையில் முதலீட்டைக் குறைக்கப் போதிய ஊக்கம் இல்லை என்று 2011இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டியது. 2016இல் வந்த புதிய கொள்கை வருவாய்ப் பகிர்வுக்கு மாறியது.

முதலில் 4 கோடிக்குக் கட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் அழுத்தத்தின் போக்கைக் கண்டபின் விரிவாக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆழ்கடலில் இருமுறை குழாய் பதிப்பது பெருஞ்செலவு என்பார்கள். உண்மைதான். அந்தக் கூடுதல் செலவை, பாறையைப் பற்றிய தகவலுக்குக் கொடுக்கும் விலையாகவே நான் கருதுகிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 2020 முதல் 2023 வரை அங்கே உற்பத்திக்கு வந்த மூன்று புதிய வயல்களும் அதே பழைய கட்டமைப்பையே பயன்படுத்துகின்றன. மூன்றும் சேர்ந்து தருவதாகத் திட்டமிடப்பட்ட உச்ச அளவு நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி கன மீட்டர்.