படுத்த படுக்கையான முதியவருக்கு வீட்டுப் பராமரிப்பு

முதியவர்களைப் படுக்கையில் தள்ளும் காரணங்களில் இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம், முற்றிய மறதிநோய் ஆகியவை முதன்மையானவை. தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவம் புதிதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே அதற்குத் தனிப்பிரிவு தொடங்கியது. ஆனால் எழுந்து நடமாட முடியாதவரின் நலம் அன்றாடம் வீட்டில்தான் தீர்மானமாகிறது. அங்கே அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மருமகளுக்கோ அந்த வேலையை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

படுக்கைப் புண்

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் தோலுக்கு இரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே அது அழியத் தொடங்கும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவற்றில்தான் புண் முதலில் வரும். தோல் சிவப்பதே தொடக்க அறிகுறி என்பார்கள். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணில் படாது. அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கருத்திருக்கும். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். ஆகவே தினமும் உடம்பு துடைக்கும்போது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதே முக்கியமான தடுப்பு. காற்றுப் படுக்கை அழுத்தத்தைக் குறைக்கும், புரட்டும் வேலைக்கு ஈடாகாது. நிறம் மாறிய இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவுவது அன்போடு செய்வதுதான். ஆனால் உள்ளே நைந்த தசையை அது மேலும் சிதைக்கும். ஆளை இழுத்தால் தோல் உரியும். கீழே விரித்த துணியோடு இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்துவதே சரி.

உணவும் தண்ணீரும்

படுத்தபடியே ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட வேண்டும். அதன்பின் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. வெறும் கஞ்சி போதாது. புண் ஆறப் புரதம் வேண்டும்: பருப்பு, முட்டை, மீன், தயிர். அடிக்கடி சிறுநீர் கழிப்பாரே என்று தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவு.

திடீர்க் குழப்பம்

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. தொற்று, சோடியம் குறைவு, புதிய மாத்திரை என எதுவும் காரணமாகலாம். முதுமையில் தொற்று காய்ச்சலே இல்லாமலும் வரும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீடு தேடி வரும் உதவி

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. வரும் செவிலியரிடம் புரட்டும் முறையையும் சிறுநீர்க்குழாய்ப் பராமரிப்பையும் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளலாம். சம்பளத்துக்கு ஆள் வைப்பவர்களும் இந்த இரண்டு வேலைகளும் அவருக்குத் தெரியுமா என்று முதலில் கேட்பது நல்லது.

முதியோர் உதவி எண் 14567. பிள்ளைகள் பராமரிக்க மறுத்தால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்காக வேறொருவரும் அந்த மனுவைக் கொடுக்கலாம்.