உங்களுக்குத் தெரியுமா? பிளாஸ்மா டிவி இன்று புதிதாகக் கிடைக்காது!

2006-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியின் திரை 14 அங்குலம்தான். சோமனூர் விசைத்தறி வீடுகளிலும் இன்று பேச்சு 55 அங்குலம் பற்றியது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல செய்தி.

ஆனால் இன்று புதிதாக வாங்கும் 55 அங்குல டிவி பிளாஸ்மாவாக இருக்காது. 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த நுட்பம் அது. நுண்ணறைகளில் அடைத்த வாயு மின்சாரத்தால் தூண்டப்பட்டு ஒளி பிறக்கும். ஆழ்ந்த கருமை, பாயும் கிரிக்கெட் பந்தும் கலங்காத தெளிவு! கூடவே அதிக மின்செலவு, சூடு. நாள் முழுக்க ஒரே சேனல் ஓடினால் அதன் சின்னம் திரையில் தழும்பாகப் பதியும்.

பானசோனிக் 2013 இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. மறு ஆண்டே சாம்சங்கும் எல்ஜியும் விலகின. பழையது மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், உதிரிபாகம் கிடைப்பது அரிது.