போனெட்டுக்குள் எலி

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சிகோயா தேசியப் பூங்காவுக்குள் மினரல் கிங் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பனி உருகும் பருவத்தில் அங்கே மலையேறப் போகிறவர்கள் பெரிய தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன்மேல் காரை நிறுத்தி, சுற்றிலும் தூக்கிக் கட்டிவிட்டுத்தான் நடக்கத் தொடங்குகிறார்கள். மார்மட் என்கிற, அணில் குடும்பத்தைச் சேர்ந்த பருத்த விலங்கு காருக்கு அடியில் புகுந்து ரேடியேட்டர் குழாயையும் ஒயரையும் கடித்துவிடும். கனடாவின் பகபூ மலைப் பூங்காவில் இந்த வேலையைச் செய்வது முள்ளம்பன்றி. அங்கே கோழிவலைக் கம்பியால் காரைச் சுற்றி வளைத்து, கல்லும் கட்டையும் முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பனியையே காணாத வட சென்னையின் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எலியும் பெருச்சாளியும் அதே சேதத்தைச் செய்கின்றன. ஆனால் மலையில் பலிக்கும் வழி இங்கே பலிக்காது. மார்மட்டின் இடத்துக்கு மனிதர்கள் இரண்டு நாள் போய்த் திரும்புகிறார்கள். அதுவரை காரை மூடிவைத்தால் போதும். வட சென்னையில் எலிக்கு இரையும் இருப்பிடமும் கொடுத்து வைத்திருப்பவர்கள் நாம்தான். ஆகவே இங்கே முதலில் காக்க வேண்டியது கார் நிற்கிற இடத்தை.

எலி ஏன் ஒயரைக் கடிக்கிறது? பசியால் அல்ல. அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். குளிர்நாடுகளில் எஞ்சின் சூட்டைத் தேடி எலி வருகிறது என்பார்கள். சென்னையில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. இங்கே அதை இழுப்பது இருட்டும் ஒதுக்குப்புறமும். நாயும் பூனையும் நுழைய முடியாத இடம், மழையில் நனையாத இடம். டயர் வழியாக ஏறி, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தாலே உள்ளே போய்விடும். பாதிக்கப்பட்ட காரின் போனெட்டைத் திறந்தால் கதை தெரிந்துவிடும்: பேட்டரியின் மேல் புழுக்கை, ஓரத்தில் ஒரு மீன்முள், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பிய்த்துச் சேர்த்த பஞ்சு, ஒயரின் உறையில் இரட்டைப் பல் தடம், அதனூடே பளிச்சென்று தெரியும் செம்பு. அந்த மீன்முள்ளைத்தான் கவனிக்க வேண்டும். அது காரில் விளைந்ததல்ல, தெருவிலிருந்து வந்தது.

காசிமேட்டில் மீன் இறங்குகிறது; செதிலும் குடலும் எல்லா நாளும் உடனுக்குடன் அகற்றப்படுவதில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில், நெரிசல் முற்றினால் நாள்கணக்கில் நின்றிருக்கின்றன. ஓட்டுநர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட்டாக வேண்டிய நிலை. மிச்சச் சோறு கொட்ட ஒரு தொட்டிகூட அருகில் இல்லையென்றால் அது அவர்கள் குற்றமல்ல. ராயபுரத்தின் பழைய தெருக்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் கார் ஷெட் கிடையாது. வண்டி நிற்பது மழைநீர்க் கால்வாயின் ஓரத்தில், உடைந்த மூடிக்குப் பக்கத்தில். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வளைக்குள் தண்ணீர் புகுந்ததும், எலிக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் மேடு அந்த எஞ்சின்தான்.

இதற்குக் கடையில் மருந்து இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. புகையிலை, அந்துருண்டை, ஸ்ப்ரே எல்லாம் சில நாள் வாசம் வீசி அடங்கிவிடும். மிளகாயின் காரச்சத்து பூசிய டேப் ஒன்றை ஹோண்டா விற்கிறது. சுற்றிய ஒயருக்கு அது காவல், சுற்றாத ஒயருக்கு அல்ல. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்லப்பட்ட உறுதிமொழிகளுக்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001இல் 60க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. எலி அந்த ஒலிக்குப் பழகிவிடுகிறது. விஷம் வைப்பதே வேகமான வழி என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலிமருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தன. தெருவில் குழந்தைகள் விளையாடும் இடத்தில், காருக்கு அடியில், ஒரு ஒயரைக் காப்பாற்ற விஷம் வைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. விஷம் தின்ற எலியைச் சாப்பிட்டு ஆந்தையும் பூனையும் செத்தால், எலிக்கு இருந்த காவலும் போய்விடும். இரை கிடைக்கும்வரை, செத்த எலியின் இடத்துக்கு வேறொன்று வரும். எலியின் கர்ப்பகாலம் மூன்றே வாரம்.

தெருவைச் சுத்தம் செய்ய ஒற்றை ஆளால் முடியுமா என்பது நியாயமான கேள்வி. முழுக்க முடியாது. ஆனால் தன் வண்டி நிற்கும் இடத்தை ஒருவர் மாற்றிக்கொள்ளலாம்: குப்பைத்தொட்டியிலிருந்தும் உடைந்த கால்வாய் மூடியிலிருந்தும் தள்ளி நிறுத்துவது, காருக்குள் தின்பண்டம் விட்டுவைக்காதது, வாரம் இருமுறையாவது வண்டியை எடுத்து ஓட்டுவது, போனெட்டைத் திறந்து பார்ப்பது. புழுக்கை இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, கிருமிநாசினியால் நனைத்துத் துடைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் பரவுவது எலியின் சிறுநீர் வழியாக; புழுக்கை இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கலாம். இன்ஷூரன்ஸை நம்பியிருப்பவர்கள், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் இந்தச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது என்பதை அறிந்துகொள்ளட்டும். முழுக் காப்பீட்டிலும் எலிக்கடி அடங்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. பணம் வந்தாலும் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடலாம்.

மீதி மாநகராட்சியும் துறைமுகங்களும் செய்ய வேண்டியவை. லாரிகள் காத்திருக்கும் சாலையோரங்களில் மூடியுள்ள குப்பைத்தொட்டி, கழிப்பறை, தினசரி அகற்றம். காசிமேட்டில் மீன்கழிவை அன்றன்றே எடுப்பது. மழைக்கு முன்பே கால்வாய் மூடிகளைச் சரிசெய்வது. உங்கள் தெருவில் மூடி உடைந்திருந்தால், அடுத்த டேப் வாங்குவதற்கு முன் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு ஒரு போன் செய்து புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.