401-ஆம் அறையில் உடைந்த கண்ணாடி டம்ளர்

சான்றும் சந்தேகமும் – 9

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவத்தைப் பார்த்து வியர்த்துப்போன விக் டாண்டியின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். காதுக்கு எட்டாத 18.9 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று அவர் 1998-ல் எழுதினார். அந்த விளக்கம் முழுக்கச் சரியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தில் குறை சொல்ல முடியாது. எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திப் பார்த்தார், அதிர்வும் நின்றது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இந்த வாரம் ஒரு ஹோட்டலுக்குள் நுழைவோம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளின் நடுவே ஏறத்தாழ 7,500 அடி உயரத்தில் இருக்கிறது எஸ்டெஸ் பார்க். காசநோய்க்கு மலைக்காற்று நல்லது என்று 1903-ல் அங்கே வந்தவர் ஃப்ரீலன் ஸ்டான்லி. நீராவிக் கார் தயாரித்துப் பணம் சேர்த்தவர். உடம்பு தேறியதும் 1909-ல் அவர் திறந்ததுதான் ஸ்டான்லி ஹோட்டல். 1974-ல், பருவம் முடிந்து ஹோட்டலை மூடப்போகும் சமயத்தில், ஸ்டீபன் கிங் அங்கே 217-ஆம் அறையில் தங்கினார். அன்றிரவு கண்ட கெட்ட கனவிலிருந்து ‘தி ஷைனிங்’ நாவல் பிறந்தது. 1977-ல் அது வெளிவந்த பிறகு, பயப்படுவதற்கென்றே அறை கேட்டு வரும் கூட்டம் ஹோட்டலுக்குக் கிடைத்தது.

2006-ல் ‘கோஸ்ட் ஹன்டர்ஸ்’ என்ற பேய் தேடும் டிவி நிகழ்ச்சியின் குழு கேமராக்களோடு வந்து இறங்கியது. குழுவின் ஜேசன் ஹாஸ், கிரான்ட் வில்சன் இருவரும் பிளம்பர்கள். பழைய கட்டடத்தில் எந்தக் குழாய் எப்படி முனகும் என்பது அவர்களுக்குத் தொழில்முறையில் தெரியும். ஒரு புகார் வந்தால் முதலில் சாதாரணக் காரணத்தைத் தேடுவது அவர்களுடைய வழக்கம். இதே வகை நிகழ்ச்சிகள் பலவற்றில் அந்தப் பொறுமைகூட இருப்பதில்லை.

இனி சான்றுக்கு வருவோம். ஜேசன் 401-ஆம் அறையில் படுத்திருக்கிறார், கேமரா ஓடுகிறது. அலமாரிக் கதவு அசைகிறது. கட்டிலருகே வைத்திருந்த கண்ணாடி டம்ளர் உடைந்து கிடக்கிறது. இந்த நிகழ்ச்சியின் ரசிகர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. டம்ளர் உடைந்தது என்றே வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கியிருந்தால், எப்போதோ பட்ட ஓர் அடியின் கீறல் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசலாக ஓடும். மலையூரில் இரவுக் குளிர் சட்டென்று இறங்கும். நூறாண்டு வயதான கட்டடத்தில் நிலைச்சட்டம் சாய்ந்திருந்தால், நடையில் யாரோ ஒரு கதவைத் திறந்து மூடும்போது மாறும் காற்றழுத்தமே இலேசான அலமாரிக் கதவை அசைத்துவிடும். இதுதான் நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்கலாம். அதே ரகத்தில் பத்து டம்ளர்களைப் பேய்ப் புகார் இல்லாத பத்து அறைகளில் வைக்கலாம். ரசமட்டத்தை வைத்து அலமாரியின் சாய்வைப் பார்க்கலாம். நடைக் கதவைத் திறந்து மூடி, அலமாரிக் கதவு அசைகிறதா என்று கவனிக்கலாம். டாண்டி ஃபேனை நிறுத்தியது போன்ற வேலை இது. செலவில்லாதது, ஆனால் டிவியில் பார்க்க அலுப்பானது.

கருவிகளின் கதையும் இதுதான். தூரத்திலிருந்து குறிபார்க்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் காற்றின் குளிரை அளப்பதில்லை. எதிரே உள்ள சுவரின் அல்லது ஜன்னலின் மேற்பரப்பைத்தான் அளக்கிறது. மின்காந்தப் புலத்தை அளக்கும் மீட்டர் சுவருக்குள் ஓடும் ஒயருக்கும் துள்ளும், பையிலிருக்கும் செல்போனுக்கும் துள்ளும். ஸ்டான்லி தன் ஹோட்டலுக்காகவே நீர்மின் நிலையம் கட்டியவர். அந்தக் கட்டடத்தில் மின்சாரம் ஆரம்ப நாளிலிருந்தே உண்டு. பேய் வந்தால் மீட்டர் எவ்வளவு காட்ட வேண்டும், வராவிட்டால் எவ்வளவு என்று முன்கூட்டியே யாரும் சொல்லி வைப்பதில்லை. அதனால் முள் எந்தப் பக்கம் போனாலும் அது செய்தியாகிவிடுகிறது.

அடுத்தது கணக்கு. நான்கு கேமராக்கள் எட்டு மணி நேரம் ஓடினால் 32 மணி நேரப் பதிவு. விளம்பரம் போக நாம் பார்ப்பது முக்கால் மணி நேரம். ஒன்றும் நடக்காத பொழுது பெரும்பாலும் வெட்டப்படுகிறது. ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்று தீர்மானிக்க, காக்கை உட்கார்ந்தும் பழம் விழாத நேரங்களின் கணக்குதான் முதலில் வேண்டும். ஹோட்டல் முழுவதற்கும் இதே கேள்வி பொருந்தும். புகழ்பெற்ற அறைகளில் படுப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு விழித்திருக்கிறார்கள். மற்ற அறைகளில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். புகார் எங்கிருந்து அதிகம் வரும்?

பேய்களுக்குச் சூட்டும் பெயர்களைப் பாருங்கள். 401-ல் உலவுவதாகச் சொல்லப்படுபவர் டன்ரேவன் பிரபு. அவர் அந்தப் பகுதியில் நிலம் வளைத்த அயர்லாந்துச் சீமான். ஹோட்டல் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே ஊரைவிட்டுப் போனவர்; 1926-ல் லண்டனில் இறந்தார். 217-ல் தங்குபவர்களின் பெட்டியை அடுக்கி வைப்பதாகச் சொல்லப்படுவது ஒரு பணிப்பெண்ணின் ஆவி. 1911-ல் அங்கே எரிவாயுக் கசிவால் வெடிவிபத்து நடந்தது உண்மை. அதில் காயம்பட்ட பணிப்பெண் பிழைத்துக்கொண்டார். ஆக, ஒரு பேய் அந்த ஹோட்டலில் வாழவில்லை, இன்னொன்று அந்த விபத்தில் சாகவில்லை. அசைவு எங்கிருந்து வந்தது என்பதைச் சோதிக்காவிட்டாலும், பெயர் எங்கிருந்து வந்தது என்பதையாவது சோதித்திருக்கலாம்.

2006 அக்டோபர் 31 இரவு ‘கோஸ்ட் ஹன்டர்ஸ்’ குழு அங்கே திரும்பி வந்தது. ஆனால் வந்தது ஹாலோவீன் நேரலைக்காக. கோடிக்கணக்கானோர் பார்க்கக்கூடிய அந்த இரவில் 401-ஐயும் வேறு பத்து அறைகளையும் ஒரே மாதிரிப் பூட்டி, சீல் வைத்து, ஒப்பிட்டுக் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ‘விளக்கம் கிடைக்கவில்லை’ என்ற முடிவைச் சொல்லும் உரிமை, விளக்கத்தைத் தேடி முடித்தவருக்கே உண்டு. 401-ஐப் பொறுத்தவரை தேடல் பாதியில் நிற்கிறது.

அடுத்த வாரம்: டிவிக்கு முந்தைய பேய் நேரலை. 1936-ல் பிபிசி வானொலியின் மைக்கோடு கென்ட் மாவட்டத்து வீடு ஒன்றுக்குள் நுழைந்த ஹாரி ப்ரைஸ்.

(தொடரும்)