காய்க்காத தென்னை வேண்டுமா?

“தென்னை காய்க்காமல் இருக்க மருந்து ஏதும் உண்டா?” கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் இப்படியும் ஒரு கேள்வி. குரும்பை கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள். ஆனால் இந்தக் கேள்வியைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், என் வீட்டிலேயே இந்தக் கதை உண்டு.

அப்பா வைத்த நெட்டைத் தென்னை, மதிலிலிருந்து நான்கடி தள்ளி நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, முற்றிய காய் ஒன்று பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. கட்டிலில் படுத்திருந்தது ஐந்து வயதுக் குழந்தை. காலையில் அவர்கள் சண்டைக்கு வரவில்லை. உடைந்த சீட்டுத் துண்டை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற ஆபீசர் வீட்டு மரம்!

வெட்டிவிடலாம் என்றார் மனைவி. எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மருந்து விஷயம். பூ, பிஞ்சை உதிர்க்கும் வளர்ச்சி ஊக்கிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அளவும் பருவமும் சற்றுப் பிசகினாலும் பலன் மாறிவிடும். கிணறும் குழந்தைகளும் இருக்கிற கொல்லையில், ஐம்பதடி உயரத்துக்கு மருந்தைப் பீய்ச்சச் சொல்ல நான் தயாரில்லை. பூச்சிமருந்து அடித்துப் பூவைக் கருக்குவது இன்னும் மோசம், தேனீக்கள்தான் சாகும்.

கணக்கு எளிது. நெட்டை மரம் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 மட்டை விடும். மட்டைக்கு ஒரு பாளை, அதாவது மாதம் ஒன்று. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற 11-12 மாதம் ஆகும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் ஏறி, வெடித்த பாளைகளையும் குரும்பைக் குலைகளையும் ஒன்றுவிடாமல் அறுத்துவிட்டால், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காய் என்று மரத்தில் எதுவும் இருக்காது. ஆண்டுக்கு நான்கு ஏற்றம், அவ்வளவுதான். முதல்முறை மட்டும் பெரிய குலைகளைக் கயிறு கட்டி இறக்க வேண்டும்.

இளநீராவது வேண்டும் என்பவர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏறி, ஆறு மாதம் தாண்டிய குலைகளை இறக்கலாம். கூரைக்கு மேல் சாய்ந்த மரத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன். எலி கொறித்தால் இளநீரும் விழும்.

ஏறுகிறவரிடம் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பழுத்துக் காய்ந்த மட்டைகளையும் எடுத்துவிட வேண்டும்; காய்க்குப் பயந்து ஏறிவிட்டு மட்டையை மறந்துவிடுகிறோம், அது விழுந்தாலும் அடிதான். பச்சை மட்டையில் கை வைக்கக் கூடாது. மரத்தை ஒட்டி வெட்டிய பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். வெட்டியே ஆக வேண்டுமென்றால், மரத்திலிருந்து நான்கடி நீளம் மட்டையை விட்டு வெட்டுங்கள். ஏறுவதற்காக மரத்தில் படி கொத்துவதும் இதே காரணத்தால் ஆகாது.

நாவல் மரம் தரையைக் கறையாக்குகிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். பெரிய மரத்தில் பூவைக் கிள்ளுவது நடக்காத காரியம். பழக்காலத்தில் பழைய வலையோ தார்ப்பாயோ விரித்து, தினமும் கூட்டி எடுத்துவிடுங்கள். அறுவடை முடிந்ததும் நடைபாதைக்கு மேல் வரும் கிளைகளைக் கழியுங்கள். ஒட்டு மா வைத்தவர்கள் முதல் மூன்று ஆண்டுகள் பூங்கொத்தைக் கிள்ளிவிட வேண்டும். ஆசைப்பட்டு விட்டுவிட்டால் கன்று வளராமல் நின்றுவிடும்.

புதிதாகத் தென்னை வைக்கப்போகிறவர்கள் சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி வையுங்கள். அப்பாவிடம் இதைச் சொல்ல அப்போது எனக்கு வயது போதாது.

எங்கள் மரம் இன்னும் நிற்கிறது. ஆள் ஏறும் நாளைப் பக்கத்து வீட்டுக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறேன். அவர்கள் முற்றத்தில் நிறுத்தியிருக்கும் வண்டியைத் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள்.